மோட்டாருக்கு ‘அன்டூ’ பட்டன் கிடையாது!

உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து, உள்ளே எத்தனை மோட்டார்கள் இருக்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? ப்ராசஸர் மேலே ஒரு ஃபேன். பவர் சப்ளைக்குள் ஒரு ஃபேன். கேபினட்டின் பின்புறம் இன்னொன்று. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதன் தட்டுகளைச் சுழற்ற ஒரு மோட்டார். டிவிடி டிரைவ் இருந்தால் அதற்குள் இரண்டு, மூன்று. மொத்தத்தில் அரை டஜன் தேறும். இவற்றில் ஃபேன்களையும் ஹார்ட் டிஸ்க்கையும் சுழற்றுபவை பிரஷ் இல்லாத டிசி மோட்டார்கள். சுருக்கமாக பிஎல்டிசி என்பார்கள்.

நான் வேலை பார்ப்பது இந்த மோட்டார்களின் பெரிய அண்ணனோடு. கோவையில் ஒரு சின்ன ஸ்டார்ட்-அப் நிறுவனம். மொத்தம் பதினோரு பேர். ஹீட் பம்ப் என்கிற வெந்நீர் இயந்திரத்தை விடுதிகளுக்கும் சிறிய ஓட்டல்களுக்கும் செய்து கொடுக்கிறோம். அதில் உள்ள ஃபேன் மோட்டாரை உருவாக்கும் திட்டம் முழுவதும் என் பொறுப்பு. விசிட்டிங் கார்டில் ‘ப்ராஜெக்ட் மேனேஜர்’ என்று போட்டிருக்கும். உண்மையில் ஒரு கையில் எக்ஸெல் ஷீட்டும் மறு கையில் மல்ட்டிமீட்டருமாக அலைகிற ஆள் நான்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் மோட்டார் கதை எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. ‘முதலில் வெளியிடு, குறை இருந்தால் பிறகு பேட்ச் போட்டுக் கொள்ளலாம்’ என்பது சாஃப்ட்வேர் உலகில் பிறந்த பழக்கம். இன்று அது எல்லாத் தொழிலுக்கும் பரவிவிட்டது. இரும்பும் செம்பும் காந்தமும் சேர்ந்த பொருளுக்கு இந்தப் பழக்கம் ஆகாது என்பது என் கருத்து. இதை எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொல்லவில்லை. நானே அப்படிச் செய்து, பட்டுத் தெரிந்து கொண்டு சொல்கிறேன்.

ஹீட் பம்ப் என்றால் என்ன?

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா? அதையே திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளும்.

கணக்கு இதுதான். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 3.5 யூனிட் வெப்பம் தேவை. சாதாரண கீசர் அதற்கு 3.5 யூனிட் மின்சாரத்தைத் தின்றே தீரும். நல்ல ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும். ஆகவே சுமார் 1.2 யூனிட்டில் வேலை முடிந்துவிடும். விறகு இல்லை, புகை இல்லை, டீசல் இல்லை.

வெளிக்காற்றை இழுத்துக் கம்பிச் சுருளின் மேல் செலுத்த ஒரு ஃபேன் வேண்டும். கம்ப்ரசர் ஓடும் நேரமெல்லாம் அதுவும் ஓட வேண்டும். கம்ப்ரசரை நாங்கள் வெளியில்தான் வாங்குகிறோம். ஃபேன் மோட்டாரை மட்டும் நாமே செய்வது என்று முடிவு செய்தோம். வீட்டு சீலிங் ஃபேனிலேயே உங்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். பழைய இண்டக்‌ஷன் மோட்டார் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். அந்த மிச்சத்தை எங்கள் இயந்திரத்திலும் பிடிக்கலாம் என்பது திட்டம்.

கோவையில் இருந்து கொண்டு மோட்டாருக்குப் பயப்படுவதா? ஜி.டி. நாயுடு குழுவினர் 1937-ல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. ஸ்டாம்பிங் அடிக்கவும், காயில் சுற்றவும், ஷாஃப்ட் கடையவும் ஐந்து கிலோமீட்டருக்குள் ஆள் கிடைக்கும். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று எக்ஸெல்லில் கட்டம் போட்டேன். ஒன்றரை வருடம் ஆனது. ஏன் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

கம்ப்யூட்டர் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்

மோட்டார் வடிவமைப்புக்கு லட்சக்கணக்கில் விலையுள்ள சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. எங்களிடம் அந்தப் பணம் இல்லை. டேவிட் மீக்கர் என்பவர் எழுதிய ‘ஃபெம்’ என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே ஓடும். மோட்டாரின் குறுக்குவெட்டை வரைந்து, எது இரும்பு, எது செம்பு, எது காந்தம் என்று சொல்லிவிட்டால், காந்தப்புலம் எப்படி ஓடுகிறது என்று வண்ணப்படமாகக் காட்டும். லூவா மொழியில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினால் ரோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒவ்வொரு நிலையிலும் கணக்குப் போடும். இரவில் ஓடவிட்டுப் படுத்தால் காலையில் முடிவு தயார். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அவசியம் இதை இன்ஸ்டால் செய்து கொடுங்கள்.

பிஎல்டிசி மோட்டாரைக் கையால் திருப்பினால் ‘டக், டக்’ என்று தடங்கித் தடங்கிச் சுற்றும். இதைக் காகிங் என்பார்கள். ஸ்டேட்டரில் உள்ள ஸ்லாட்டுகளின் எண்ணிக்கைக்கும் காந்தத் துருவங்களின் எண்ணிக்கைக்கும் மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடியுங்கள். அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு காகிங் குறைவாக இருக்கும் என்பது பொது விதி. 12 ஸ்லாட், 8 போல் என்றால் 24. அதுவே 9 ஸ்லாட், 8 போல் என்றால் 72! காயிலும் ஒன்பதுதான், சுற்றுகூலி மிச்சம். கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்த்தேன். காகிங் கிட்டத்தட்டப் பூஜ்யம். வடிவமைப்பை இறுதி செய்து ஐந்து மோட்டார் செய்யச் சொல்லிவிட்டேன்.

முதல் மோட்டாரை ஓட்டியபோது ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். பேரிங் சரியில்லையோ என்று மாற்றினோம். ரோட்டாரை பேலன்ஸ் செய்து பார்த்தோம். ஷாஃப்ட்டை மாற்றினோம். மூன்று வாரம் போனது. சத்தம் மட்டும் போகவில்லை.

காரணம் வடிவமைப்பிலேயே இருந்தது. ஸ்லாட் எண்ணிக்கையும் போல் எண்ணிக்கையும் ஒன்றே ஒன்று வித்தியாசப்பட்டால், ரோட்டாரை ஒரு பக்கமாக இழுக்கும் விசை உண்டாகும். ரோட்டார் சுற்றச் சுற்ற அந்த இழுப்பும் சுற்றிக்கொண்டே இருக்கும். கேபினட் ஃபேன் அளவில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். தகரப்பெட்டிக்குள் இருக்கும் பெரிய ஃபேனில் பெட்டியே பாடும்.

இது ஃபெம் சாஃப்ட்வேருக்குத் தெரியாதா? தெரியும். ரோட்டார் மேல் மொத்த விசை எவ்வளவு என்று கேட்டிருந்தால் சில விநாடிகளில் சொல்லியிருக்கும். நான் கேட்டது காகிங் எவ்வளவு என்று மட்டும். அது சரியான விடை சொன்னது. கேள்வி போதவில்லை!

பிறகு 12 ஸ்லாட், 10 போல் என்று மாற்றினோம். மீச்சிறு பொது மடங்கு 60. எதிரெதிர் பக்க இழுப்புகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மூன்று காயில் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருந்தது. ரீங்காரம் நின்றது. முதல் மாதிரிகளுக்கு டை செய்யாமல் லேசரில் தகடு வெட்டியதால் தப்பித்தேன். டை செய்துவிட்டு இதைக் கண்டுபிடித்திருந்தால் அன்றைக்கே கம்பெனியை மூடியிருப்போம்.

‘ஃபைனல்’ என்ற பெயரில் நான்கு ஃபைல்கள்

அடுத்த தவறு உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்போது உட்கார்ந்திருக்கலாம். வைண்டிங் விவரம் எழுதிய எக்ஸெல் ஃபைல் என்னிடம் இருந்தது. அதன் பெயர் ‘மோட்டார் ஃபைனல்’. ஒரு திருத்தம் செய்ததும் ‘மோட்டார் ஃபைனல் நியூ’. அடுத்தது ‘ஃபைனல் நியூ 2’. கடைசியாக ‘ஃபைனல் ஓகே’. வைண்டிங் பிரிவில் சுவரில் ஒட்டியிருந்தது இரண்டாவது ஃபைலின் பிரிண்ட். அதில் காயிலுக்கு 154 சுற்று. நான் மனதில் வைத்திருந்தது நான்காவது ஃபைல். அதில் 140 சுற்று.

இருபது மோட்டார்கள் சுற்றி, வார்னிஷ் போட்டு, அடுப்பில் காய வைத்து எடுத்தாகிவிட்டது. ஓட்டிப் பார்த்தால் 900 ஆர்பிஎம் வர வேண்டிய இடத்தில் 820-ஐத் தாண்டவில்லை. சுற்று பத்து சதவீதம் கூடினால் மோட்டார் தானே உற்பத்தி செய்யும் எதிர் மின்னழுத்தமும் பத்து சதவீதம் கூடும். அதே சப்ளையில் வேகம் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். வார்னிஷ் காய்ந்த காயிலைப் பிரித்து மறுபடி சுற்ற முடியாது. வெட்டி எறிய வேண்டியதுதான்.

வைண்டிங் பார்க்கும் பெரியவர், “நீங்க ஒட்டுன தாளத்தான் பாத்து சுத்துனமுங்க சார்” என்றார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. அன்றைக்கு மாலையே புதிய பழக்கம் ஆரம்பித்தோம். ஃபைலின் பெயரில் ‘ஃபைனல்’ என்ற சொல்லுக்கே தடை. வி01, வி02 என்று எண் மட்டும்தான். புது எண் வந்தால் பழைய தாளைக் கிழித்து என் மேஜையில் கொடுத்துவிட்டுத்தான் புதிய தாளை வாங்க வேண்டும். மோட்டாரின் மேலும் அந்த எண்ணை மார்க்கரில் எழுத வேண்டும். சாஃப்ட்வேர்காரர்கள் கிட் என்ற புரோகிராமை வைத்து இதைத்தான் செய்கிறார்கள். எங்கள் கண்ட்ரோலர் புரோகிராம் எழுதும் பையன் அதைத்தான் பயன்படுத்துகிறான். சாஃப்ட்வேரிலிருந்து மோட்டார்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் இது. நான் எதிர்ப்பது அவர்களின் அவசரத்தைத்தான்; ஒழுங்கை அல்ல.

2025 ஏப்ரல்: காந்தம் வரவில்லை

பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தவர்களுக்கு உள்ளே இருக்கும் பளபளப்பான சின்னக் காந்தத்தைத் தெரியும். விரலை வைத்தால் நசுக்கிவிடும். அது நியோடிமியம் காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. எங்கள் மோட்டாரிலும் அதைத்தான் வைத்திருந்தோம். சூட்டில் காந்த சக்தி போகாமல் இருக்க, இதன் சில ரகங்களில் டிஸ்ப்ரோசியம் என்ற தனிமத்தைக் கொஞ்சம் கலப்பார்கள். நாங்கள் வாங்கியது அந்த ரகம்.

2025 ஏப்ரல் 4-ஆம் தேதி சீனா, டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயம் என்று அறிவித்தது. பெரிய வாகன நிறுவனங்களே திண்டாடின. மாதம் நூறு மோட்டார் செய்யப் போகும் எங்களை யார் கவனிப்பார்கள்? எங்கள் ஆர்டர் நின்றது. எப்போது வரும் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

வேறு வழி ஃபெரைட் காந்தம். ஸ்பீக்கரின் பின்னால் இருக்குமே, கறுப்பு வளையம், அதுதான். விலை மலிவு, தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சக்தி மூன்றில் ஒரு பங்குதான். நியோடிமியம் சுமார் 1.2 டெஸ்லா என்றால் ஃபெரைட் சுமார் 0.4 டெஸ்லா. ஆகவே மோட்டாரை நீளமாக்கி, ரோட்டாரைப் பெரிதாக்கி, ஏறக்குறைய முதலிலிருந்து வடிவமைக்க வேண்டும். நான்கு மாதத்தில் அதைச் செய்து முடித்தோம். 900 ஆர்பிஎம் வந்தது. சத்தம் இல்லை. மின்சாரம் முன்பைவிட ஐந்து வாட்தான் அதிகம். எல்லோரும் கைகுலுக்கிக் கொண்டோம்.

41-வது வரிசை

என்னுடைய சோதனைப் பட்டியல் ஒரு எக்ஸெல் ஷீட். மொத்தம் 58 வரிசைகள். 41-வது வரிசையில் ‘குளிர்நிலைச் சோதனை, பூஜ்யம் டிகிரி’ என்று இருந்தது. அதற்குக் குளிர் அறை உள்ள ஆய்வுக்கூடத்தில் இடம் பிடிக்க வேண்டும். மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார்கள்.

எங்கள் நிறுவனர் இளைஞர், சாஃப்ட்வேர் துறையிலிருந்து வந்தவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். “அண்ணா, முதல் முப்பது மிஷினும் கோயமுத்தூரும் திருப்பூரும்தானுங்க. இங்க எங்கீங்க பூஜ்யம் டிகிரி வரப் போகுது?” என்றார். நியாயமான கேள்வி. 2025 ஆகஸ்ட் மாதம் அந்த செல்லில் ‘தேவையில்லை’ என்று டைப் செய்து பச்சை வண்ணம் அடித்தேன். அவர் மேல் பழி போட மாட்டேன். டைப் செய்தவை என் விரல்கள்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆகஸ்ட் மாதத்தில் அது தவறான முடிவே அல்ல. திருப்பூருக்குப் போகும் இயந்திரத்துக்குப் பூஜ்யம் டிகிரி சோதனை எதற்கு? ஆனால் அக்டோபரில் ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளி விடுதியிலிருந்து நான்கு இயந்திரங்களுக்கு ஆர்டர் வந்தது. விற்பனைப் பிரிவில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். 41-வது வரிசையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அது பச்சையாக இருந்தது. பச்சை என்றால் முடிந்தது என்றுதானே அர்த்தம்?

ஊட்டியிலிருந்து ஒரு போன்

2025 டிசம்பர் மாதம் ஒரு காலை ஆறு மணிக்கு விடுதி வார்டன் அம்மா போன் செய்தார். “சார், நேத்துல இருந்து தண்ணி சில்லுன்னுதான் வருது. பிள்ளைங்க எப்படிக் குளிக்கும்? சின்னப் பிள்ளைங்க சார்.” கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அவர் கெஞ்சுவது போலக் கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை.

மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது மதியம். நான்கில் மூன்று இயந்திரங்களில் ஃபேன் பாதி வேகத்தில் முக்கிக்கொண்டிருந்தது. காற்று குறைந்ததால் சுருளில் பனி கட்டியிருந்தது. பனி கட்டியதால் காற்று இன்னும் குறைந்தது. சமையலறையில் பெரிய அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, பக்கெட் பக்கெட்டாக மாடிக்குச் சுமந்து கொண்டிருந்தார்கள். விறகையும் கேஸையும் ஒழிக்கிறோம் என்று சொல்லி விற்றவர்கள் நாங்கள்!

ஒரு மோட்டாரைக் கழற்றி, ஷாஃப்ட்டில் டிரில் மெஷினை மாட்டி 1,000 ஆர்பிஎம்மில் சுழற்றி, ஒயர்களில் மல்ட்டிமீட்டரை வைத்தேன். பிஎல்டிசி மோட்டாரை வெளியிலிருந்து சுழற்றினால் அது ஜெனரேட்டராக வேலை செய்யும். காந்தம் எவ்வளவு பலமோ அவ்வளவு வோல்ட் காட்டும். கோவையிலிருந்து புறப்படும்போது 60 வோல்ட் காட்டிய மோட்டார், இப்போது 47 வோல்ட். காந்தம் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டது!

நடந்தது இதுதான். நியோடிமியத்துக்குச் சூடு எதிரி. ஃபெரைட்டுக்கு அது தலைகீழ், குளிர்தான் எதிரி. வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால், எதிர்க் காந்தப்புலத்தைத் தாங்கும் அதன் திறன் சுமார் 0.3 சதவீதம் குறையும். இரவில் ஃபேன் இறக்கையில் பனி உறைந்து ஃபேன் சிக்கிக் கொண்டது. கண்ட்ரோலர் விடாமல் முழுக் கரண்டையும் செலுத்தித் திருப்பப் பார்த்தது. அந்தக் கரண்ட் வரம்பு பழைய நியோடிமியம் மோட்டாருக்காக வைத்தது. காந்தத்தை மாற்றிய நான் அந்த எண்ணை மாற்றவில்லை. குளிரில் பலம் குறைந்திருந்த ஃபெரைட், அந்த எதிர்ப்புலத்தில் நிரந்தரமாகச் சக்தியை இழந்தது.

ஆபீசுக்குப் போன் செய்தேன். கண்ட்ரோலர் பையன் அன்று இரவே புரோகிராமை மாற்றினான். வெளிக்காற்று 10 டிகிரிக்குக் கீழே போனால் கரண்ட் வரம்பு குறையும். ஃபேன் சிக்கினால் மூன்று முறை மட்டும் முயலும். பிறகு நின்று, பனியை உருக்கிவிட்டு மறுபடி முயலும். அருமையான பேட்ச். அது இனிமேல் ஓடப் போகும் மோட்டார்களைக் காப்பாற்றும். ஆனால் சக்தி போன காந்தத்துக்கு அது ஒன்றும் செய்யாது. எந்த பட்டனை அழுத்தியும் அந்த 13 வோல்ட்டைத் திரும்ப வாங்க முடியாது.

ஷெல்ஃபில் தூங்கிக் கொண்டிருந்த பழைய நியோடிமியம் மாதிரி மோட்டார்கள் நான்கையும் மறுநாள் வரவழைத்து மாட்டினோம். வெந்நீர் வந்தது. ஆனால் அதற்குள் பிள்ளைகள் நான்கு நாள் அண்டாத் தண்ணீரில் குளித்திருந்தார்கள். மலைப் பகுதிக்கென்று தடிமனான காந்தம் வைத்த ரோட்டாரைப் பிறகு தனியாகச் செய்தோம்.

கோவைக்குத் திரும்பியதும் பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, மோட்டாரை அதற்குள் வைத்துப் பூட்டி, ஷாஃப்ட்டைக் கட்டிப்போட்டு அதே சோதனையைச் செய்தேன். ஒரே நாளில் அதே பழுது வந்தது. மூன்று வாரக் காத்திருப்பும் தேவைப்படவில்லை. பெரிய ஆய்வுக்கூடமும் தேவைப்படவில்லை. ஆகஸ்டில் ஒரு ஐஸ்கிரீம் பெட்டி போதுமாக இருந்தது.

ஆகவே என் கருத்து

மோட்டார் திட்டமாகட்டும், கையால் தொடக்கூடிய வேறு எந்தப் பொருளாகட்டும், நடத்துகிறவர்கள் நான்கு விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது: ஒரு சோதனையைத் தள்ளுபடி செய்தால் பக்கத்திலேயே காரணத்தை எழுதுங்கள். ‘தேவையில்லை’ என்று எழுதுவது போதாது. ‘கோவை, திருப்பூரில் மட்டும் விற்பதால் தேவையில்லை’ என்று எழுத வேண்டும். அப்படி எழுதியிருந்தால், ஊட்டி ஆர்டர் வந்த அன்று யாராவது ஒருவர் கண்ணில் அது பட்டிருக்கும். முடிவு மட்டும் நின்று, காரணம் மறைந்துபோவதுதான் ஆபத்து.

இரண்டாவது: ஒரு பாகத்தை மாற்றினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லா எண்களையும் மறுபடி பாருங்கள். காந்தத்தை மாற்றினேன், கரண்ட் வரம்பு வேறொருவரின் புரோகிராமில் இருந்ததால் அது என் கண்ணில் படவில்லை. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சாஃப்ட்வேர் என்று நாம் பிரித்துக் கொண்டது நம் வசதிக்காக. மோட்டாருக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

மூன்றாவது: நாள் பிடிக்கும் வேலையை முதலில் ஆரம்பியுங்கள். காந்தம் வர, குளிர் அறை கிடைக்க, டை செய்ய வாரக்கணக்கில் ஆகும். டிராயிங் வரைவதை வேகப்படுத்தலாம். வார்னிஷ் காய்வதை வேகப்படுத்த முடியாது. காலக்கெடு நெருங்கும்போது வெட்டுப்படுவது எப்போதும் கடைசியில் இருக்கும் சோதனைகள்தான். அவற்றை முன்னால் கொண்டு வந்துவிட்டால் வெட்ட முடியாது.

நான்காவது: எதைத் திரும்ப மாற்ற முடியும், எதை முடியாது என்று ஆரம்பத்திலேயே பட்டியலிடுங்கள். புரோகிராமை நாளைக்கு மாற்றலாம். டை, காந்தம், வார்னிஷ் போட்ட காயில் ஆகியவற்றை மாற்ற முடியாது. முதல் வகையில் வேகமாகப் போகலாம், தவறில்லை. இரண்டாவது வகையில் ஒரு நாள் தூங்கி எழுந்து கையெழுத்துப் போடுங்கள்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. ‘இப்படி ஒவ்வொன்றையும் சோதித்துக் கொண்டிருந்தால் பணம் தீர்ந்துவிடும், போட்டிக் கம்பெனி முந்திக்கொள்ளும்’ என்பார்கள். உண்மைதான். சம்பளம் கொடுக்க முடியாத மாதங்களை நானும் பார்த்திருக்கிறேன். 58 சோதனைகளையும் செய்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலவற்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விட்டோம், ஏன் விட்டோம், எப்போது மறுபடி எடுக்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அதற்கு ஒரு பைசா செலவில்லை. அரை நிமிடம் டைப் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்து, மூன்று மோட்டாரையும் ஒரு விடுதியின் நம்பிக்கையையும் இழந்தேன்.

வாங்கும்போது நீங்கள் கேட்க வேண்டியவை

இது வீட்டு உபயோகிப்பாளர்களுக்கான பத்திரிகை. ஆகவே உங்களுக்கும் சில வார்த்தைகள். ஹீட் பம்ப் கீசரோ, பிஎல்டிசி ஃபேனோ வாங்கப் போகிறீர்களா? கடைக்காரரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

‘ஒரு யூனிட்டுக்கு மூன்று மடங்கு வெப்பம்’ என்று போட்டிருந்தால், எந்தக் காற்று வெப்பநிலையில் என்று கேளுங்கள். 30 டிகிரி காற்றில் கிடைக்கும் மடங்கு 5 டிகிரியில் கிடைக்காது. கொடைக்கானலில் இருப்பவர்களும் சென்னையில் இருப்பவர்களும் ஒரே எண்ணை நம்பக் கூடாது.

ஃபேனில் எத்தனை வாட் என்று பார்ப்பதோடு, எவ்வளவு காற்று தருகிறது என்றும் பாருங்கள். மெதுவாகச் சுற்றினால் எந்த ஃபேனும் குறைந்த வாட்தான் இழுக்கும்! சீலிங் ஃபேன்களுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை கட்டாயம். வாட், காற்று இரண்டையும் சேர்த்துத்தான் நட்சத்திரம் கொடுக்கிறார்கள்.

முக்கியமாக, கண்ட்ரோலர் போர்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பழைய ஃபேன் எரிந்துபோனால் தெருமுனையில் காயில் கட்டிக் கொடுத்தார்கள். பிஎல்டிசி ஃபேனில் போர்டு போனால், போர்டுதான் வேண்டும். எங்கள் இயந்திரத்தின் மூடிக்கு உட்புறம் இப்போது ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். கம்பியின் கேஜ், சுற்று எண்ணிக்கை, காயில் இணைப்பு, 1,000 ஆர்பிஎம்மில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ‘ரகசியத்தை இப்படி வெளியே ஒட்டுகிறீர்களே’ என்று ஒருவர் கேட்டார். மோட்டாரைப் பிரித்தால் சுற்றை யாரும் எண்ணிக் கொள்ளலாம். அதில் என்ன ரகசியம்? நாளைக்கு நாங்கள் இல்லாமல் போனாலும், அந்த விடுதிக்குப் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் அதைச் சரி செய்ய முடிய வேண்டும். எல்லாக் கம்பெனிகளும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக 41-வது வரிசை. அந்த எக்ஸெல் ஷீட்டில் இப்போது இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன். ‘தேவையில்லை’ என்று டைப் செய்தால், பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுதும் வரை அந்த வரிசை சிவப்பாகவே இருக்கும். எக்ஸெல்லில் ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் இதைச் செய்யலாம். அதுபோக, ஷீட் முழுவதற்கும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருக்கிறோம். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. வைண்டிங் பார்க்கும் பெரியவரிடம் இருக்கிறது. எதையாவது தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால், நான் அவரிடம் போய்க் காரணத்தைச் சொல்ல வேண்டும். இதுவரை இரண்டு முறை போனேன். ஒரு முறை திறந்து கொடுத்தார்.